கன்னியம்மா சொன்ன ஒரு ‘இல்ல’

ராயபுரம் மீன் மார்க்கெட்டில் கன்னியம்மாவிடம் வாய் கொடுத்துவிட்டு முழுசாய்த் திரும்பியவன் கிடையாது. கால் மணி நேரமாய்ப் பேரம் பேசிக்கொண்டிருந்த ஒரு ரயில்வே குமாஸ்தாவை, “இன்னா சார், வஞ்சிரம் வாங்க வந்தியா, வஞ்சிரத்தப் பொண்ணு பாக்க வந்தியா?” என்று கேட்டாள். பாவம், அந்த மனுஷன் மூன்று மாதம் அந்தப் பக்கமே தலைகாட்டாமல் கருவாட்டிலேயே காலம் தள்ளினான். அப்பேர்ப்பட்ட வாய் அது. அந்த வாய் ஆயுசில் ஒரே ஒரு தடவைதான் பயந்து சுருங்கி, ஒரு பொய் சொன்னது. பெரிய பொய்கூட இல்லை, ‘இல்ல’ என்று ஒரே ஒரு சொல். அந்தச் சொல்லால் அவள் தாலி அறுந்திருக்கும்.

அப்போது அவளுக்கு முப்பது வயதிருக்கும். காசிமேட்டுக்கு வடக்கே கடலோரக் குப்பத்தில் வீடு. புருஷன் வரதன் கட்டுமரக்காரன். பிள்ளை கிடையாது. விடிவதற்கு முன்னால் கடலுக்குப் போய்விட்டு வெயில் ஏறும்போது வரதன் திரும்புவான். அவள் மீனைக் கூடையில் அள்ளிக்கொண்டு மார்க்கெட்டுக்கு ஓடுவாள். அவன் தின்றுவிட்டுப் படுப்பான். குப்பத்து ஆம்பிளைகள் எல்லாருக்கும் இதே வழக்கம்தான். பகல் பன்னிரண்டு மணிக்கு எந்தக் குடிசையைத் தாண்டினாலும் குறட்டை கேட்கும். பொம்பிளைகள் அந்த நேரத்தில் குசுகுசுவென்றுதான் பேசிக்கொள்வார்கள். தூங்குகிறவனை எழுப்பியவளுக்கு அன்று முழுக்கத் திட்டு விழும். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கன்னியம்மா சுண்டக்கஞ்சி போடுவாள். சோற்றுக் கஞ்சியை நாலைந்து நாள் பானையில் புளிக்கவிட்டால் சுள்ளென்று ஏறும், அதுதான் சுண்டக்கஞ்சி. கள்ளுக்கடை, சாராயக்கடை எல்லாவற்றையும் சர்க்கார் மூடி நாலு வருஷம் ஆகியிருந்தது. கடலில் விறைத்துப்போய் வருகிறவர்களுக்கு வேறு கதியில்லை. வலைக் குவியலுக்கு அடியில் மணலைத் தோண்டிப் பானையைப் புதைத்து வைத்து, வரதனுக்கும் அவன் கூட்டாளிகளுக்கும் ஊற்றிக் கொடுப்பாள். குப்பத்தில் யாரும் அதைக் குடி என்று சொல்லமாட்டார்கள், ஆகாரம் என்பார்கள். ஆனால் போலீஸ்காரனிடம் போய் ஆகாரம் என்று சொல்ல முடியுமா? இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு வந்து மணலைக் குத்திக் குத்திப் பார்ப்பார்கள். இரண்டு மாதம் முன்னால் இதே கஞ்சிக்காகப் பக்கத்துத் தெரு சொக்கம்மாளைப் பிடித்துக்கொண்டு போய் ஒரு மாசம் உள்ளே வைத்தார்கள். போகும்போது அவள் அழுத அழுகையைக் கன்னியம்மா வேலிப் படலுக்குப் பின்னால் நின்று கேட்டாள். அன்றிலிருந்து போலீஸ்காரனின் சிவப்புத் தலைப்பாகையைக் கண்டாலே அவள் வேறு சந்தில் நுழைந்துவிடுவாள்.

ஐம்பத்திரண்டாம் வருஷம் ஐப்பசி மாதம். கடல் கெட்டுக் கிடந்தது. போகவேண்டாம் என்று சொன்னாள், கேட்டால்தானே! வரதன் கரைக்கு இருபது முழம் இருக்கும்போது அலை கட்டுமரத்தைப் புரட்டிப் போட்டது. மரத்தின் முனை அவன் விலாவில் வந்து இடித்தது, தலையிலும் உரசிக்கொண்டு போயிற்று. தூக்கிக்கொண்டு வந்து போட்டபோது மூச்சு விடுவதற்கே முகத்தைச் சுளித்தான்.

சர்க்கார் ஆஸ்பத்திரியில் மனோகரன் என்று ஒரு வயசான டாக்டர் பார்த்தார். விலா எலும்பு இரண்டு விரிசல் விட்டிருக்கிறது என்று சொல்லி, மார்பைச் சுற்றி இறுக்கமாகக் கட்டுப் போட்டார். அடிபட்ட கேஸ் என்பதால் ஆஸ்பத்திரி கானிஸ்டேபிளும் நோட்டுப் புத்தகத்தோடு மேஜை பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

“இருமினா உயிர் போற மாதிரி வலிக்கும். அதுக்காக ஒரு தண்ணி மருந்து எழுதறேன்,” என்றார் டாக்டர். “அதுல அபின் சத்து இருக்கும்மா. வலியை அடக்கும், கூடவே மூச்சையும் கொஞ்சம் மந்தமாக்கும். அதனாலதான் கேக்கறேன், சரியா பதில் சொல்லணும். இவர் குடிப்பாரா?”

கன்னியம்மா வாயைத் திறந்தாள். கானிஸ்டேபிள் பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு அவளையே பார்த்தார். அந்தப் பென்சில் அவள் பெயரை எழுதுவது போலவும், கம்பி வலைக்குவியலைக் குத்துவது போலவும், பானை ‘டக்’கென்று உடைவது போலவும் எல்லாம் ஒரே நேரத்தில் கண்ணில் வந்துபோயிற்று.

“இல்ல,” என்றாள்.

“கள்ளு, கஞ்சி, எதுவுமே?”

“இல்ல சாமி.”

“தூக்க மாத்திரை, வேற மருந்து ஏதாவது சாப்பிடறாரா?”

“அதெல்லாம் ஒண்ணும் கெடயாது சாமி.” இது நிஜம்தான்.

டாக்டர் எழுதினார். எழுதிக்கொண்டே சொன்னார். “சொட்டு சாராயம்கூட இதோட சேரக் கூடாது. தூக்க மருந்தும் கூடாது. ரொம்பத் தூங்கினா தட்டி எழுப்பிப் பாரு. எழுந்துக்கலேன்னா யோசிக்காம இங்க தூக்கிட்டு வந்துடு.”

அவள் தலையை ஆட்டினாள். முதலில் சொன்ன சாராயத்தைத் தவிர வேறெங்கே காதில் விழுந்தது? கானிஸ்டேபிள் நோட்டை மூடிவிட்டு நகர்ந்தபோதுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

கம்பவுண்டர், அவள் கழுவிக் கொண்டுபோன பாட்டிலில் பழுப்பு நிற மருந்தை ஊற்றி, கத்தரிக்கோலால் பல் பல்லாய் வெட்டிய ஒரு காகிதத் துண்டைப் பாட்டில் மேல் ஒட்டிக் கொடுத்தார். வேளைக்கு ஒரு பல் அளவு மருந்து, நாளைக்கு மூன்று வேளை. அந்த விஷயத்தில் கன்னியம்மாவைக் குறை சொல்லவே முடியாது. பாட்டிலைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு சொட்டு கூடாமல் குறையாமல் ஊற்றுவாள். வலி தாங்காமல் வரதன் இன்னும் அரைப் பல் கேட்டுக் கெஞ்சியபோதுகூட, “தோ பாரு, டாக்டர் சொன்னது சொன்னதுதான்” என்று பாட்டிலை அடுக்குப் பானைக்குள் ஒளித்து வைத்துவிட்டாள். அளவில் அவ்வளவு கறார்.

ஆனால் நாலு நாளாய் அவன் சோறு தின்னவில்லை. வாயில் வைத்தால் குமட்டல். ஐந்தாம் நாள் கேட்டான். “ஒரு டம்ளர் கஞ்சி குடுமே.”

“குடி ஆவாதுன்னு டாக்டர் சொல்லிகீறாரு.”

“இது குடியாமே? கஞ்சிமே இது! எங்கம்மா எனுக்குப் பால் மறக்கடிச்சதே இத்த ஊத்திதான்.”

அவளுக்கும் அப்படித்தான் பட்டது. சாராயம் சாராயம்தான், கஞ்சி கஞ்சிதான். வெறும் வயிற்றில் கிடக்கிற மனுஷனுக்கு ஆகாரத்தை எப்படி இல்லையென்பது? தோண்டி எடுத்து ஒரு டம்ளர் கொடுத்தாள். அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. கொஞ்சம் நன்றாகவே தூங்கினான். மறுநாளும் கொடுத்தாள், ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததே அவளுக்குத் தைரியமாகிவிட்டது.

ஏழாம் நாள்.

காலையில் ஒரு பல் மருந்தைக் கொடுத்துவிட்டு, வரதனின் கூட்டாளிகள் தந்த மீனோடு மார்க்கெட்டுக்குப் போனாள். பத்து மணிக்குத் திரும்பியபோது வரதன் கண் சொக்கிப்போய் உட்கார்ந்திருந்தான். வார்த்தை குழறியது. ராத்திரி வலியில் தூங்காத அசதி என்று நினைத்துக்கொண்டு, கஞ்சி ஒரு டம்ளரும் இரண்டாம் வேளை மருந்தும் கொடுத்துப் படுக்க வைத்தாள். படுத்ததும் குறட்டை கிளம்பிவிட்டது.

“இன்னாமே, உன் வூட்டுக்காரன் கொறட்டை எங்க வூட்டுப் பானைய உருட்டுது!” என்று அடுத்த வீட்டுக் கோவிந்தம்மா எட்டிப் பார்த்துச் சிரித்தாள். “அப்பாடி, வலி வுட்டுட்ச்சு போல. தூங்கட்டும், தூங்கட்டும்.”

கன்னியம்மாவுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. ஆறு நாள் முனகலைக் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போயிருந்தவளுக்கு அந்தக் குறட்டை அவ்வளவு சுகமாக இருந்தது. வாசலில் சத்தம் போட்ட காக்கையை விரட்டினாள். கிணற்றடியில் வாளியை நங்கென்று வைத்தவளைப் பார்த்து விரலை உதட்டில் வைத்துக் காட்டினாள். வழக்கம் அதுதானே, பகலில் தூங்குகிறவனை யார் எழுப்புவார்கள்? அடிப்பாவி, உள்ளே போய் ஒரு தட்டு தட்டிப் பாரடி என்று கத்தத் தோன்றுகிறதல்லவா? எனக்கும்தான் தோன்றுகிறது. அவள் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வாசலில் உட்கார்ந்து, குரல் எழுப்பாமல் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

ஹார்பரில் சாப்பாட்டு மணி அடித்ததும் லியாகத் அலி வந்தான். வரதனுக்குச் சின்ன வயதிலிருந்தே தோஸ்து, ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறவன். வரும்போதே முகமெல்லாம் சிரிப்பு.

“தூங்குறானா தங்கச்சி? நான் சொல்லல? கப்பல் மருந்துன்னா கப்பல் மருந்துதான்!”

“இன்னா கப்பல் மருந்து?”

லியாகத் நாக்கைக் கடித்துக்கொண்டான். “உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னான். ராவுல தூக்கமே இல்ல, பேஜாரா கீதுன்னு நேத்து அழுதான். அதான் கப்பல் ஆளு ஒருத்தன்கிட்ட சொல்லி ரெண்டு தூக்க மாத்திரை வாங்கியாந்தேன். காலைல நீ மார்க்கெட் போனப்புறம் வந்து குடுத்தேன், ரெண்டும் முழுங்கினான்.”

கன்னியம்மாவின் கையிலிருந்து மீன் நழுவி விழுந்தது. தூக்க மருந்தும் கூடாது. டாக்டரின் குரல் இப்போதுதான், ஏழு நாள் கழித்து, அவள் காதில் விழுந்தது. உள்ளே குறட்டை நின்றிருந்தது.

ஓடினாள். வரதன் மல்லாந்து கிடந்தான். மூச்சே இல்லை என்றுதான் முதலில் நினைத்தாள். அவள் தொண்டையிலிருந்து சத்தம் வருவதற்குள், கர்ரென்று தொண்டையில் சளி உருள ஒரு மூச்சு இழுத்தான். அப்புறம் ஒன்றுமில்லை. வெகு நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் இன்னொன்று. உதடு நாவல்பழம் தின்றவன் உதடு போல இருந்தது. விரல் நகமெல்லாம் நீலம். உடம்பு சில்லென்று வேர்த்திருந்தது. இமையைத் தூக்கிப் பார்த்தாள். கருமணி கடுகளவுக்குச் சுருங்கிக் கிடந்தது.

“யோவ்! யோவ், எழுந்திரிய்யா!” கன்னத்தில் அறைந்தாள். பலமாய் அறைந்தாள். வெகு தூரத்திலிருந்து வருவது போல, “ம்…” என்றான்.

லியாகத் தெருமுனைக்கு ஓடி ஒரு கைரிக்ஷாவைப் பிடித்துக்கொண்டு வந்தான். இருவருமாய் வரதனைத் தூக்கி உட்கார வைத்தார்கள். கன்னியம்மா பக்கத்தில் ஏறி அவன் தலையைத் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். மருந்து பாட்டில் மடியில் இருந்தது. அதை எடுக்க வேண்டும் என்று அந்த நேரத்திலும் எப்படித் தோன்றியதோ! லியாகத் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு ஓடினான்.

“தூங்க வுடாத தங்கச்சி! பேசிகினே இரு!”

பேச என்ன இருக்கிறது? கன்னியம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம் திட்டத்தான். திட்டினாள். “கஸ்மாலம்! எனுக்குத் தெரியாம மாத்திரையா முழுங்கற? பன்னாட! கண்ணத் தொறடா! என்னிய நட்டாத்துல வுட்டுட்டுப் பூடலாம்னு பாக்கறியா? உன்ன வுட மாட்டேன்!” மார்க்கெட்டில் பத்து வருஷமாய்ச் சேர்த்து வைத்திருந்த வசவு அத்தனையையும் அழுதுகொண்டே அவன் காதில் கொட்டினாள். ஒவ்வொன்றுக்கும் அவன் “ம்” என்றான். அந்த ‘ம்’ வரவர மெலிந்துகொண்டே போயிற்று.

ரயில்வே கேட்டு வந்தது. மூடியிருந்தது.

ஹார்பரிலிருந்து கரி ஏற்றிக்கொண்டு கூட்ஸ் வண்டி வந்துகொண்டிருந்தது. அவசரமா, நம் அவசரம் அதற்கென்ன தெரியும்! ஆடி அசைந்து, ஒவ்வொரு வேகனாய், கடகடவென்று போயிற்று. கன்னியம்மா திட்டினாள். பதில் இல்லை. கிள்ளினாள். முடியைப் பிடித்து ஆட்டினாள். பதில் இல்லை. அவன் மூக்குக்குக் கீழே விரலை வைத்தாள். ஒரு மூச்சு வந்தது. அப்புறம் அவள் கண்ணெதிரே ஒரு வேகன் போயிற்று, இரண்டு, மூன்று. ஏழு வேகன் போனபிறகுதான் அடுத்த மூச்சு வந்தது. அடுத்ததற்கு ஒன்பது. கேட்டுக்காரனைப் பார்த்து அலறினாள். அவன் என்ன செய்வான், ஓடுகிற வண்டியை நிறுத்த முடியுமா?

அப்போதுதான் லியாகத் அவள் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னான். அவன் முகமும் வெளுத்துப்போயிருந்தது.

“தங்கச்சி, அங்க போய் கஞ்சி கதைய எடுக்காத. கானிஸ்டேபிள் நிப்பான். மாத்திரையும் சொல்ல வாணாம், கப்பல் சாமான் வெளிய வந்தது தெரிஞ்சா என்னிய ஹார்பர்ல சேக்க மாட்டான். தூங்கிகினே இருந்தான், எழுந்திரிக்கல, அவ்ளோதான். மத்தத டாக்டர் பாத்துக்குவாரு.”

அவள் வரதனின் தலையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். சொன்னால் தனக்கு ஜெயில், சொல்லாவிட்டால்? அதற்கு மேல் யோசிக்கவே பயமாக இருந்தது. கேட்டு திறந்தது.

ஆஸ்பத்திரியில் வரதனை மேஜையில் கிடத்தினார்கள். நல்ல காலம், அதே டாக்டர் மனோகரன்தான் இருந்தார். கெட்ட காலம், அதே கானிஸ்டேபிளும் வாசற்படியில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்.

டாக்டர் இமையைத் தூக்கி விளக்கடித்துப் பார்த்தார். மார்பில் காதை வைத்துக் கேட்டார். “மருந்து எவ்வளவு குடுத்தே? பாட்டிலைக் காட்டு.”

மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காகிதப் பல்லை எண்ணினார். மறுபடி எண்ணினார்.

“அளவு சரியா இருக்கே!” என்றார், பக்கத்தில் நின்ற நர்ஸிடம். “கண்ணைப் பார்த்தா அபின் ஏறின மாதிரிதான் இருக்கு. ஆனா இந்த அளவுக்கு இப்படி ஆகாது. அன்னிக்குத் தலையிலயும் அடி. உள்ளே ரத்தம் கசிஞ்சாலும் கண்ணு இப்படிச் சுருங்கும். தலையைத்தான் பார்க்கணும். ஸ்டிரெச்சர் கொண்டு வரச் சொல்லு, அடுத்த கட்டடத்துக்கு மாத்தணும்.” பிறகு கன்னியம்மாவிடம் திரும்பினார். “குடி கிடி ஒண்ணும் இல்லைதானேம்மா?”

பாருங்கள், தெய்வம் மறுபடி அதே கேள்வியைக் கேட்கிறது! கானிஸ்டேபிள் தலையைத் திருப்பினார். லியாகத் தரையைப் பார்த்தான். ஸ்டிரெச்சர் வருகிற சத்தம் தாழ்வாரத்தில் கேட்டது. கன்னியம்மாவுக்குச் சொக்கம்மாளின் அழுகை காதில் கேட்டது. மேஜையில் கிடந்த வரதன் மூச்சு விடுகிறானா என்று பார்த்தாள். விடவில்லை. இன்னும் விடவில்லை.

“குட்சான் சாமி!” அவள் போட்ட சத்தத்தில் நர்ஸ் திடுக்கிட்டுப் போனாள். “சுண்டக்கஞ்சி குட்சான்! மூணு நாளா குடிக்கிறான். காலைல பத்து மணிக்கு ஒரு டம்ளர் குட்சான். நான்தான் ஊத்திக் குடுத்தேன். நான்தான் போட்டேன். எங்க வூட்டு வலைக்குக் கீய பானை கீது. அன்னிக்கே பொய் சொல்ட்டேன் சாமி. காப்பாத்து சாமி!”

கானிஸ்டேபிள் வாசற்படியிலிருந்து நிமிர்ந்தார்.

“ரெண்டு தூக்க மாத்திரையும் தின்னிருக்கான் டாக்டர்,” என்று லியாகத் பின்னாலிருந்து சொன்னான். “காலைல எட்டு மணிக்கு. கப்பல்லேந்து நான் வாங்கியாந்தது. வெள்ளை மாத்திரை.”

“ஸ்டிரெச்சர் வேண்டாம்!” என்று டாக்டர் கத்தினார். “குழாயைக் கொண்டா!”

அப்புறம் நடந்ததைக் கன்னியம்மா வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். ரப்பர் குழாயைத் தொண்டை வழியே விட்டு மருந்து கலந்த ஊதாத் தண்ணீரை ஊற்றி வயிற்றைக் கழுவினார்கள். பழுப்பும் வெள்ளையுமாய்க் கஞ்சி வாடையோடு வெளியே வந்தது. புஜத்தில் ஊசி போட்டார்கள். மூச்சு நின்றபோதெல்லாம் இரண்டு ஆட்கள் அவன் கைகளைத் தலைக்கு மேலே தூக்கித் தூக்கி மார்பில் அழுத்தினார்கள். விரிசல் விட்ட விலா எலும்பு உள்ளே நெறுநெறுவென்றது அவள் காதில் விழுந்தது. “எலும்பு சாமி!” என்று கத்தினாள். “எலும்பு அப்புறம் ஒட்டிக்கும், இப்ப மூச்சு வேணும்,” என்றார் டாக்டர். இரும்பு உருளையிலிருந்து காற்று கொடுத்தார்கள். கறுப்புக் காப்பியைக் குழாய் வழியே ஊற்றினார்கள். “நீ வெளியே போகாதே, காதுகிட்ட பேசிக்கிட்டே இரு” என்றார். அவள் மறுபடி திட்ட ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரிச் சுவர் அதுவரை கேட்டிராத வசவெல்லாம் கேட்டது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வரதன் கண்ணைத் திறந்தான். அவளை அடையாளம் தெரிந்துகொள்ள வெகுநேரம் ஆயிற்று.

“இன்னாத்துக்குமே… இப்டி கத்தற,” என்றான்.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அதுவரை வராத அழுகை அப்போதுதான் முழுசாய் வந்தது.

டாக்டர் கை கழுவிக்கொண்டே பேசினார். கோபமாகத்தான் பேசினார். “மருந்து தப்பில்லை, நீ குடுத்த அளவும் தப்பில்லை. அபினும் மூச்சை அமுக்கும், கஞ்சியும் அமுக்கும், அந்த மாத்திரையும் அமுக்கும். தனித்தனியா வந்தா உடம்பு சமாளிக்கும். மூணும் சேர்ந்து கழுத்தைப் பிடிச்சா? குறட்டை விட்டான், நல்லா தூங்கறான்னு சந்தோஷப்பட்டியாக்கும்! தொண்டை அடைச்சுக்கிட்டுக் கத்தின கத்தலும்மா அது. அன்னிக்கே ஆமான்னு சொல்லியிருந்தா நான் வேற மருந்து எழுதியிருப்பேனே.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார். “இன்னிக்குச் சொல்லாம விட்டிருந்தா, தலையைப் பார்த்துக்கிட்டே இவரை விட்டிருப்பேன்.”

கானிஸ்டேபிள் நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது, அவர் வேலை அது. காதில் விழுந்ததை எழுதினார். மறுநாள் நாலு பேர் கம்பியோடு குப்பத்துக்கு வந்தார்கள். குத்திப் பார்க்க வேண்டிய அவசியமில்லாமல், வலைக் குவியலை விலக்கி இடத்தைக் கன்னியம்மாவே காட்டினாள். கோர்ட்டில் ஒரு மாசம் போட்டார்கள். லியாகத்தை ஹார்பர் கேட்டில் பத்து நாள் உள்ளே விடவில்லை, அப்புறம் விட்டுவிட்டார்கள்.

ஜெயிலில் சாப்பாடு மோசமில்லை என்றுதான் அவள் சொல்வாள். தூக்கம்தான் வரவில்லையாம். அங்கே பகலில் யாராவது குறட்டை விட்டால் எழுந்து போய் உலுக்கி எழுப்பிவிடுவாள். அவர்கள் திட்டுவார்கள். இவள் சும்மா இருப்பாளா? இவளும் திட்டுவாள்.

தை மாதத்தில் வரதனின் விலாவைக் காட்ட மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வரிசையில் இவர்களுக்கு முன்னால் அம்மு என்று ஒரு சின்னப் பெண், புதுத்தாலியின் மஞ்சள்கூட வெளுக்கவில்லை. அவள் புருஷன் மில்லில் கை நசுங்கி, துணி சுற்றிக்கொண்டு முனகியபடி நின்றான். டாக்டர் மனோகரன் மேஜையில் எழுதிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நோட்டுப் புத்தகத்தோடு கானிஸ்டேபிள், அவரேதான்.

“வலிக்குக் கொஞ்சம் கடுமையான மருந்து தரேன்,” என்றார் டாக்டர். “இவர் குடிப்பாராம்மா?”

அந்தப் பெண் சிவப்புத் தலைப்பாகையைப் பார்த்தாள். முந்தானையை விரலில் சுற்றினாள்.

“இல்ல சாமி.”

டாக்டர் தலையை ஆட்டிவிட்டு எழுத ஆரம்பித்தார். கன்னியம்மாவுக்கு அந்தக் கூட்ஸ் வண்டி கண்ணெதிரே ஓடியது.

“பொய்யி!” என்று கத்தினாள்.

வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. வரதன், “சும்மா இருமே” என்று அவள் கையைப் பிடித்தான். அவள் உதறிவிட்டு முன்னால் போனாள்.

“தோ பாரு பொண்ணே. நானும் இதே எடத்துல நின்னுகினுதான், இந்தப் போலீஸ்கார மூஞ்சியப் பாத்துகினுதான் இல்லன்னேன். அப்புறமா உண்மையச் சொன்னேன். சொன்னதுக்கு எனுக்கு ஒரு மாசம் ஜெயிலு. த்தோ நிக்கிறாம் பாரு, என் புருசன். சொன்னதாலதான் கால்ல நிக்கிறான். ஜெயிலுக்குப் போனா திரும்பி வரலாம். உனுக்கு எது வோணும்? சொல்லுடி!”

கானிஸ்டேபிள் தொண்டையைக் கனைத்தார். அந்தப் பெண் அவரைப் பார்த்தாள், வரதனைப் பார்த்தாள், நசுங்கிய கையோடு நின்ற தன் புருஷனைப் பார்த்தாள்.

“குடிப்பாரு சாமி,” என்றாள். “டெய்லி.”

டாக்டர் எழுதியதைக் குறுக்கே அடித்துவிட்டு, வேறு சீட்டு எடுத்தார்.